அப்பா சொன்ன பெயர்

அத்தியாயம் பதினொன்று

"நான் ஸ்கூலுக்கு வரலை" என்று சொல்லிவிட்டு, ஆண்டு விழா அன்று காலையில் பாயைவிட்டு எழுந்திருக்காமலே கிடந்தாள் அபிநயா.

சொன்னது அம்மாவிடம். பதில் சொன்னது அப்பா.

"வராம எப்படிம்மா? கணக்குல ஃபர்ஸ்ட் நீ, பிசிக்ஸ்ல ஃபர்ஸ்ட் நீ. பேரைக் கூப்பிடும்போது ஆள் இல்லைன்னா நல்லாவா இருக்கும்? எழுந்திரு, எழுந்திரு."

வெங்கடேசன் கண்ணாடி முன்னால் நின்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் பஸ் ஓட்டுகிறவர். லீவு போடுவது என்றாலே அவருக்குப் பிடிக்காது. இன்றைக்குப் போட்டிருந்தார்.

அம்மா வடிவு இட்லித் துணியில் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மகளோடு முகம் கொடுத்துப் பேசுவதை அவள் நிறுத்தி இரண்டு வாரம் ஆகப்போகிறது.

எல்லாம் அந்த வீடியோவால் வந்தது.

கணக்கு வாத்தியார் பஞ்சாட்சரத்துக்குப் போர்டில் எழுதும்போது கை நடுங்கும். கொஞ்ச காலமாகவே அப்படி. சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு போகும், எழுத்து கோணும். மற்றொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதுவார். அதை வகுப்பில் யாரோ ஒளித்து எடுத்து, நடுக்கத்துக்குத் தோதாக ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார்கள். பெரிய காஞ்சிபுரத்து டீக்கடைகளில் நின்றுகொண்டு அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சாரின் பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது.

அந்த இன்ஸ்டா அக்கவுண்ட், வெங்கடேசனின் போன் நம்பரில் ஆரம்பித்தது என்று தெரிய வந்தது. தலைமையாசிரியை எஸ்தர் டேனியல் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

போனவர், கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "எங்க அபிதான் மேடம். தெரியாம பண்ணிட்டா. மன்னிச்சிடுங்க."

அபிநயா, தான் இல்லை என்றாள். அழுதாள், கத்தினாள். பெற்ற தகப்பனே ஒப்புக்கொண்ட பிறகு அவள் பேச்சை யார் கேட்பது? மாணவர் தலைவி பதவி போயிற்று. வீட்டுக்கு வந்ததும் அம்மா கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். மற்றவர்கள் எல்லாரையும்விட அபிநயாவை வதைத்தது பஞ்சாட்சரம் சார்தான். 'சார், நீங்க சொல்லிக்கினே வாங்க, நான் எழுதறேன்' என்று வகுப்பில் முதன்முதலில் எழுந்துபோய் அவர் கையிலிருந்து சாக்பீஸை வாங்கியவளே அவள்தான். இப்போது அவள் இருக்கிற பக்கம்கூட அவர் திரும்புவதில்லை.

அப்பா மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. ஸ்கூல்காரர்கள் மிரட்டியதில் பயந்துபோய், அவர்கள் சொன்னதை நம்பி, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார் என்று நினைத்தாள். பஸ் ஓட்டுகிற மனுஷன், ஏ.சி. ரூமில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டால் என்ன செய்வார் பாவம்.

அந்தப் போனை வீட்டில் தொடுகிற இன்னொரு ஆள் அனு.

அனு, பெரியப்பா ஆதிகேசவனின் மகள். லாரி விபத்தில் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். பெரியம்மா அரக்கோணத்தில் வேறொரு கல்யாணம் செய்துகொண்டாள். அனுவைச் சொந்த ஊரான கூரத்திலிருந்து கையோடு கூட்டிவந்தவர் வெங்கடேசன். அன்றிலிருந்து அபிநயாவுக்கும் அனுவுக்கும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச், ஒரே பாய். அபிநயா புத்தகத்தோடு கிடப்பாள். அனு மைதானத்தில் கிடப்பாள். கோ-கோவில் மாநில அளவுக்குப் போய் விளையாடிவிட்டு வந்திருக்கிறாள்.

அனுவிடம் கேட்காமல் இல்லை. அன்றைக்கே கேட்டாள்.

"எங்கப்பா மேல சத்தியமா நான் இல்லை அபி" என்றாள் அனு.

செத்துப்போன அப்பா மேல் சத்தியம் செய்கிறவளை எப்படி நம்பாமல் இருப்பது?

"எழுந்திருடி" என்று இப்போது அந்த அனுவே வந்து போர்வையை உருவினாள். ஸ்கூல் கொடுத்த நீல ட்ராக் சூட்டைப் போட்டுக்கொண்டு, தலையை இழுத்து வாரியிருந்தாள். "நீ வராம நான் மட்டும் போய் ஸ்டேஜ்ல நின்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கும். வா அபி, ப்ளீஸ்."

அந்தக் குரலுக்காகத்தான் அபிநயா எழுந்தாள்.

விழா மாலை நான்கு மணிக்கு. மதியத்திலிருந்தே பள்ளிக்கூடம் அமளிதுமளிப்பட்டது. மைதானத்தில் ஷாமியானா போட்டு, மைக்செட்காரர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்பு 'பி' பிரிவை ஆட்டக்காரப் பெண்களுக்கு மேக்கப் அறையாக மாற்றியிருந்தார்கள். பவுடர் வாசனையும் மல்லிப்பூ வாசனையும் கலந்து வராண்டா முழுக்க வீசியது.

அபிநயாவின் இடத்தில் இப்போது மாணவர் தலைவி சந்தியா. திருப்பருத்திக்குன்றத்துப் பெண், நல்லவள். ஆண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அபிநயாவைப் பார்த்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

"இந்த ஸ்பீச் நீ எழுதினதுதான் அபி. நான் சும்மா படிக்கத்தான் போறேன்."

"பரவால்லடி. மூணாவது பாராவுல மூச்சு விட்டுப் படி. அங்கதான் எல்லாரும் கை தட்டுவாங்க."

சொல்லிவிட்டு நகர்ந்தவளின் கையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்தார்கள். சிம்ரன். கடைசி பெஞ்ச். கிராமிய நடனத்துக்காகக் கண்டாங்கிச் சேலை கட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்திருந்தாள். கண்மை கரைந்து வழிந்திருந்தது.

"அபி, இங்க வாயேன். ஒண்ணு சொல்லணும். அடிக்கக் கூடாது."

"என்னடி?"

சிம்ரன் அவளை மாடிப்படிக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அந்த வீடியோ என் போன்லதான் எடுத்தது. நான் எடுக்கலை. போனை ஒளிச்சு வெச்சு எடுத்துக்கினு வந்தேன், அதை அனு கேட்டா, கொடுத்தேன். அவ்வளவுதான் நான் பண்ணினது. போன் எடுத்துக்கினு வந்ததுக்கே டி.சி. கொடுத்துடுவாங்கன்னு பயந்து வாயைத் திறக்கலை. உன்னைப் பார்க்கறப்ப எல்லாம் மூஞ்சைத் திருப்பிக்கினு போறேன் அபி. சாரி. சாரி..."

அபிநயாவுக்கு அந்த ஒரு சொல்தான் காதில் நின்றது.

"அனுவா?"

"ஆமா. சும்மா ஜாலிக்குத்தான்னா. நாலு பேருக்கு அனுப்பிட்டு அழிச்சுடுவேன்னா. இப்படிப் போகும்னு அவளுக்கும் தெரியாது."

சிம்ரனை அடிக்க வேண்டும் என்றுகூட அபிநயாவுக்குத் தோன்றவில்லை. படிக்கட்டின் கீழிருந்து வெளியே வந்து வெயிலில் நடந்தாள்.

மைதானத்தின் கோடியில், கோ-கோ கம்பத்தில் சாய்ந்துகொண்டு அனு தன் டீம் பெண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அபிநயா வருகிற வேகத்தைப் பார்த்ததுமே அவள் சிரிப்பு நின்றது. மற்ற பெண்களிடம் என்னவோ சொல்லி அனுப்பிவிட்டு, தனியாக நின்றாள்.

"சிம்ரன் சொல்லிட்டா" என்றாள் அபிநயா.

அனு மறுக்கவில்லை. கம்பத்தின் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினாள்.

"பெரியப்பா மேல சத்தியம் பண்ணினியே அனு."

"பண்ணினேன்."

"எப்படிடி மனசு வந்துச்சு?"

"அவரு உயிரோட இருந்தா அவரு வந்து எனக்காக எச்.எம். கிட்ட பேசி இருப்பாரு. இல்லாத ஆள் மேல சத்தியம்தானே பண்ண முடியும்?" அனுவின் குரல் உடைந்தது. "போன மாசமே ஒரு தடவை போனோட மாட்டினேன் இல்லை? இன்னொரு தடவைன்னா டி.சி.தான்னு சொல்லி வெச்சிருந்தாங்க. டி.சி. வாங்கினா எங்கே போவேன்? அரக்கோணத்துக்கா? அந்த ஆளு என்னை வீட்டுக்குள்ளயே சேர்க்க மாட்டான்."

"என்கிட்ட சொல்லி இருக்கலாம் இல்லை?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். சித்தப்பாதான் வேணாம்னாரு."

மைக்கில் யாரோ 'ஹலோ, ஹலோ, செக்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு?"

அனு நிமிர்ந்து பார்த்தாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"எச்.எம். கூப்பிட்டு அனுப்பினாங்க இல்லை, அன்னிக்குக் காலையிலேயே அவர் காலைப் பிடிச்சுக்கினு எல்லாத்தையும் சொல்லிட்டேன். நானே வந்து ஒத்துக்கறேன்னுதான் சொன்னேன் அபி, நெஜமா. அவருதான், நீ சும்மா இரு, உன்னைன்னா வெளியே அனுப்பிடுவாங்க, அபி ஃபர்ஸ்ட் ரேங்க், அவளைத் திட்டிட்டு விட்டுடுவாங்கன்னாரு. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் மேலே பேசிக்கொண்டே இருந்தாள். அபிநயாவின் காதில் விழவில்லை. அன்றைக்கு ஸ்கூலிலிருந்து திரும்பும்போது அப்பா ஸ்கூட்டரை நிறுத்திக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. 'குடிம்மா, போனது போகட்டும்' என்றார். அவள் அழுதுகொண்டே குடித்தாள். அவர் பக்கத்தில் நின்று, அவள் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்துதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சார் ஒருவராவது தன்னை நம்ப வேண்டும் என்று தோன்றியது. வேறு எங்கே போவது என்றும் தெரியவில்லை.

பஞ்சாட்சரம் ஷாமியானா பக்கம் வரவில்லை. ஆசிரியர்கள் அறையில் மின்விசிறிக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தார். கைகளை மடியில் கோத்து வைத்திருந்தார். வாசலில் அபிநயாவைக் கண்டதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றார்.

ஒரு வாத்தியார் தன்னைப் பார்த்து எழுந்து நிற்பது அவளுக்குப் புரியவில்லை.

"சார், ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன். அந்த வீடியோ..."

"தெரியும்மா." அவர் கண் கலங்கியிருந்தது. "நானே உன்னைக் கூப்பிட்டுப் பேசணும்னு தினம் நினைக்கறேன். முடியலை. எந்த முகத்தை வெச்சுக்கினு பேசறது? உன்னைப் பார்த்தாலே எனக்குக் குறுகிப்போவுது."

"சார்?"

"உங்கப்பா வீட்டுக்கு வந்தாரு. எல்லாத்தையும் சொன்னாரு. எடுத்தது அந்தப் பொண்ணு அனு. அவ படிப்பு நின்னுடக் கூடாதுன்னு நீயா முன்னே வந்து, என் பேரைச் சொல்லுங்கப்பான்னு சொன்னியாமே. வேற யாருக்கும் தெரிய வேணாம்னு நீ கேட்டுக்கினதாச் சொன்னாரு. அதனாலதான் நான் எச்.எம். கிட்ட எதுவும் பேசலை. முப்பது வருஷமா வாத்தியாரா இருக்கறேன்மா, இப்படி ஒரு மனசை நான் பார்த்ததில்லை."

அபிநயா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானா சொன்னேன்?"

"உங்கப்பாதான் சொன்னாரு."

"சார், எனக்கு இன்னிக்கு மத்தியானம்தான் சார் தெரியும். அனுதான் எடுத்தாள்னு இன்னிக்குத்தான் தெரியும். என்னை யாரும் எதுவும் கேட்கலை."

பஞ்சாட்சரம் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் இருந்த கைகள் நடுங்க ஆரம்பித்தன. அவர் அவற்றை மறைக்க முயலவில்லை.

"அப்போ இத்தனை நாளும் நீ..."

"நீங்க என் மேல கோவமா இருக்கறீங்கன்னு நினைச்சுக்கினு இருந்தேன் சார்."

அழுகை அப்போதுதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் தராத ஒன்றை அவள் பேரில் தாராளமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பெருமையும் வாங்கி வைத்திருக்கிறார் அப்பா. அந்தப் பெருமை, அம்மா அறைந்த அறையைவிட எரிந்தது.

"வாம்மா, இப்பவே எச்.எம். ரூமுக்குப் போலாம். நான் சொல்றேன்" என்று பஞ்சாட்சரம் எழுந்தார்.

"வேணாம் சார்." அபிநயா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கப்பா சொல்லட்டும். அவர் வாயால சொன்னாத்தான் சார் எனக்கு ஆறும். நான் கேட்டா சொல்லுவாரு."

அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

விழா நேரத்துக்குத் தொடங்கியது. சந்தியா ஆண்டறிக்கை படித்தாள். மூன்றாவது பாராவில் கைதட்டல் எழுந்தது. கணக்குப் பாடப் பரிசுக்கு அபிநயாவின் பெயரைக் கூப்பிட்டபோது மாணவிகள் வரிசையில் ஒரு சலசலப்பு. யாரோ அந்தக் குத்துப்பாட்டை வாயால் முனகினார்கள். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவர் மட்டும் ஓங்கி ஓங்கிக் கைதட்டினார். அது அப்பா என்று பார்க்காமலே தெரிந்தது.

அனுவின் பெயர் வந்தபோது ஷாமியானாவே அதிர்ந்தது. சிறப்பு விருந்தினர் கோப்பையைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கையும் கையில் கொடுத்தார். அனு தடுமாறினாள்.

"எனக்கு அப்பா இல்லை. எங்க சித்தப்பாதான் எனக்கு அப்பா. அவர் இல்லைன்னா இந்தக் கப்பு இல்லை. தாங்க்ஸ் சித்தப்பா" என்றாள். அபிநயா உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு கணம் பார்த்துவிட்டு, வேறு எதுவும் சொல்லாமல் இறங்கிவிட்டாள்.

வெங்கடேசன் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

விழா முடிந்து கூட்டம் கலைந்தது. சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் அபிநயா அப்பாவைப் பிடித்தாள்.

"அப்பா, எச்.எம். ரூமுக்கு ஒரு நிமிஷம் வாப்பா."

"எதுக்கும்மா?"

"வீடியோ எடுத்தது நான் இல்லைன்னு சொல்றதுக்கு."

வெங்கடேசனின் முகத்தில் அதுவரை இருந்த மலர்ச்சி அப்படியே வடிந்துபோனது. "யாரு சொன்னாங்க உனக்கு?"

"எல்லாரும் சொல்லிட்டாங்கப்பா. சிம்ரன் சொன்னா, அனு சொன்னா, சார் சொன்னாரு. நீ மட்டும்தான் பாக்கி."

அவர் ஸ்கூட்டர் சாவியை விரலில் சுழற்றினார். கீழே போட்டார். குனிந்து எடுத்தார்.

"அபி, நீ கெட்டிக்காரிம்மா. இது போனா உனக்கு இன்னொண்ணு வரும். அவளுக்கு என்ன இருக்குது சொல்லு? எங்க அண்ணன் என்னைத் தோள்ல தூக்கிக்கினு வளர்த்தவரு. அவரு பொண்ணை ஸ்கூலைவிட்டுத் தொரத்திட்டாங்கன்னா கூரத்துல நான் தலை காட்ட முடியுமா? நீன்னா தாங்குவேன்னு நினைச்சேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமேப்பா. கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லி இருப்பேனோ என்னவோ. நீ கேட்கவே இல்லையே. அம்மா என்னை அறையறப்ப பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தே?"

வெங்கடேசன் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "சரி, வா. சொல்லிடறேன்" என்றார்.

அவர் முன்னே நடந்தார். அவள் பின்னே நடந்தாள். அப்பாவின் முதுகைப் பார்த்தபோது, மதியத்திலிருந்து அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. அப்பா கெட்டவர் இல்லை. தப்பு செய்துவிட்டார், சரிசெய்யப் போகிறார். பிறகு அனுவுக்காக எல்லாருமாகச் சேர்ந்து எச்.எம். கிட்டக் கெஞ்சலாம். நானே கெஞ்சுகிறேன்.

எஸ்தர் டேனியல் மேடம் சால்வைகளையும் மாலைகளையும் மேசையில் ஒதுக்கிவைத்துக்கொண்டிருந்தார். வெங்கடேசனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க சார், நல்ல நேரத்துல வந்தீங்க. அனுவைப் பத்தி சீஃப் கெஸ்ட் தனியா விசாரிச்சார். விளையாட்டு விடுதியில சேர்க்க சிபாரிசு பண்றேன்னு சொல்லி இருக்கார். பொண்ணு ஒழுக்கம் எப்படின்னு கேட்டார். தங்கமான பொண்ணுன்னு சொல்லி இருக்கேன். தங்கற இடம், சாப்பாடு, பயிற்சி, படிப்பு எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்க. அவ வாழ்க்கையே மாறிடும் சார்."

வெங்கடேசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க என்ன விஷயமா வந்தீங்க?"

அவர் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார்.

"ஒண்ணும் இல்லைங்க மேடம்" என்றார் வெங்கடேசன். "அபி உங்ககிட்ட இன்னொரு தடவை மன்னிப்பு கேட்கணும்னு சொன்னா. மனசு உறுத்துதாம். அதான் கூட்டிக்கினு வந்தேன்."

அபிநயா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் மேசை மேலிருந்த மாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியையின் முகம் கனிந்தது. "நல்லதும்மா. இப்பவாவது தோணிச்சே. சொல்லு."

அவர் காத்திருந்தார். அப்பாவும் காத்திருந்தார். அவள் முழங்கையை அவர் கை லேசாகத் தொட்டது. சொல்லிவிடு என்கிற மாதிரி.

அபிநயா முழங்கையை விலக்கிக்கொண்டாள்.

"நான் அந்த வீடியோவை எடுக்கலை மேடம்."

எஸ்தர் டேனியல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இன்னுமா இப்படிப் பேசிட்டு இருக்கே? அப்பா உனக்காக எத்தனை தடவைதான் தலைகுனிஞ்சு நிப்பார்?"

"விடுங்க மேடம், சின்னப் பொண்ணு. நான் வீட்ல பேசிக்கறேன்" என்றார் வெங்கடேசன்.

அபிநயா அங்கே நிற்கவில்லை. அவளுக்குக் கண்ணீர்கூட வரவில்லை. முதல் தடவை அவள் இல்லாத இடத்தில் சொன்னார். இப்போது அவள் பக்கத்தில் நின்று, அவள் மேல் கையை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

கேட்டுக்கு வெளியே, கூட்டத்தைவிட்டு ஒதுங்கி, வடிவு நின்றுகொண்டிருந்தாள். மகள் வாங்கிய பரிசுப் புத்தகங்களைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அபிநயா வருவதைப் பார்த்தாள்.

"ஏண்டி, முகம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது?"

பல நாளைக்கப்புறம் அம்மா அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

"அம்மா, நான் அதைச் செய்யலை. அனு செஞ்சா. அப்பாவுக்கு அன்னிக்கே தெரியும். இப்பவும் எச்.எம். கிட்ட நான்தான்னு சொல்லிட்டு வர்றாரு."

வடிவு அவளை உற்றுப் பார்த்தாள். நம்புகிறாளா இல்லையா என்று தெரியவில்லை.

வெங்கடேசன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் கோப்பையை அணைத்தபடி அனு.

"நான் அனுவை வீட்ல விட்டுட்டுத் திரும்பி வர்றேன். இல்லைன்னா நீங்க ரெண்டு பேரும் ஷேர் ஆட்டோ பிடிச்சு வந்துடுங்க" என்றார்.

"ஏங்க, அபி என்னவோ சொல்றாளே, நெஜமா?"

"வீட்ல பேசிக்கலாம் வடிவு. ரோட்ல என்ன பேச்சு?"

சொல்லும்போது அவர் வண்டியின் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்துகொண்டிருந்தார். சரியாக இருந்த கண்ணாடி அது. வடிவு அவரோடு பத்தொன்பது வருஷம் வாழ்ந்தவள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன் அவர். அதனால்தான் அவர் ஒரு பேரைச் சொன்னபோது, ஒரு கேள்வி கேட்காமல் பெற்ற பெண்ணைக் கைநீட்டி அறைந்தாள்.

அவள் அனுவைப் பார்த்தாள்.

"அனு, நீ சொல்லு."

"சித்தி..." என்றாள் அனு. கோப்பையில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு விம்மினாள்.

வடிவு பையை அபிநயாவின் தோளில் மாட்டினாள். அறைந்த அந்தக் கன்னத்தை நோக்கி அவள் கை போயிற்று. தொடாமலே திரும்பி வந்தது. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கேட்டுக்குள் நடக்க ஆரம்பித்தாள். உள்ளே வாட்ச்மேன் ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டு வந்தார். தலைமையாசிரியையின் அறையில் மட்டும் விளக்கு எரிந்தது.

"வடிவு! நில்லு. சொல்றதைக் கேளு." வெங்கடேசன் ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து வழி மறித்தார். "அவசரப்படாதே. ஒரு பொண்ணோட வாழ்க்கை இதுல இருக்குது."

வடிவு நின்றாள்.

"எந்தப் பொண்ணுங்க?" என்று கேட்டாள்.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.